ஜி.டி.நாயுடு செஞ்சாரே, நான் செஞ்சா என்ன?

ஆடிப் பதினெட்டு முடிஞ்சு, வல்வில் ஓரி விழாவுக்கு வந்த கூட்டமெல்லாம் மலை இறங்கிப் போயாச்சு. மழை விட்டு விட்டுப் பெய்யுது. காட்டுல இறங்க முடியாத நேரம், அதான் எழுத உக்காந்தேன். போன மாசியில ஆரம்பிச்ச ஒரு விஷயம் இப்பத்தான் ஒரு மாதிரி நிலைக்கு வந்திருக்கு. அதைச் சொல்லணும்னா கொஞ்சம் பழைய வரலாறும் சேர்த்துச் சொல்லணும். நீளமா போகும், பொறுத்துக்குங்க.

மாசியில மிளகைப் பறிச்சுக் காய வெச்சு மூட்டை கட்டி இறக்குன சமயம். என் தங்கச்சி தன் பங்கு மிளகு வித்த பணத்தை, ரெண்டு வருசமா சேர்த்ததோட சேர்த்து பேங்க்குல போட்டுது. ஒன்னேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. மகன் பன்னெண்டாவது எழுதப் போறான், மேல படிக்க வெக்கணும்னு வெச்ச பணம். மச்சான் வடக்க லாரி ஓட்டறார். மாசத்துல நாலஞ்சு நாள் வீட்டுல இருந்தா பெரிசு. அதனால வீட்டுல எந்தப் பேச்சு வந்தாலும் தாய்மாமன்னு என்கிட்டத்தான் வரும்.

பரீட்சை முடிஞ்ச மறுநாளே பையன் வந்தான். பதினேழு வயசு.

"மாமா, ராசிபுரம் போற வழியில ஒரு ஷெட்டுல பென்ஸ் கார் நிக்குது. 96 மாடல். ஒன்னேகால் லட்சம்னா குடுத்துடறாங்களாம்."

"ஓடுதா மாப்ள?"

"ஓடலை. அதனாலதான் அந்த விலை. நான் பிரிச்சு சரி பண்ணிக்குவேன்."

"உனக்குப் பிரிக்கத் தெரியுமா?"

"ஜி.டி.நாயுடுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க? பைக்கை வாங்கினார், பிரிச்சார், மாட்டினார். அவர் செஞ்சாரே, நான் செஞ்சா என்ன?"

எனக்குச் சட்டுனு பதில் வரலை. அவன் சொன்னது பொய் இல்லை. ஆனா ஏதோ பாதி விட்டுப்போன மாதிரி இருந்துச்சு. "நாலு நாள் பொறு, யோசிச்சுச் சொல்றேன்"னு அனுப்பிட்டேன். அந்த நாலு நாளும் அவன் விட்ட பாதியைத்தான் தேடினேன். படிச்சது, வயசானவங்ககிட்ட கேட்டது எல்லாத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதறேன்.

நாயுடுல இருந்தே வருவோம். கோயமுத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்துல 1893 மார்ச் 23ல பிறந்தவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரலை. சின்ன கிளாஸோட நின்னு போச்சு. காட்டு வேலைதான். அப்ப ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைக்கிள்ல ஊர் வழியா வந்திருக்கார். மாட்டு வண்டி தவிர வேற பாக்காத ஊர்ல, மாடும் இல்லாம குதிரையும் இல்லாம ஒரு வண்டி ஓடினா எப்படி இருந்திருக்கும்! அந்த வண்டி அந்தக் காலத்துக்கு வசதிக்காரங்க சாமான். இன்னைக்குப் பையன் கேக்கற பென்ஸ் மாதிரின்னே வெச்சுக்கலாம். இதுவரைக்கும் பையன் சொன்னதும் வரலாறும் ஒண்ணுதான்.

அடுத்து நாயுடு என்ன செஞ்சார்? அப்பன்கிட்ட போய் வாங்கித் தான்னு நிக்கலை. கோயமுத்தூருக்குப் போய் ஒரு ஓட்டல்ல சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். எச்சில் எலை எடுத்து, மேசை தொடைச்சு, கிட்டத்தட்ட மூணு வருசம். சில நூறு ரூபாய் சேர்ந்தப்புறம்தான் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கினவர் ஊர் சுத்தலை. பிரிச்சுப் போட்டு, திரும்ப மாட்டி, மறுபடி பிரிச்சு, எது எதுக்கு இருக்குன்னு கத்துக்கிட்டார். அதுக்கப்புறம் மெக்கானிக் வேலை. நடுவுல பஞ்சு வியாபாரத்துல இறங்கி பம்பாய்ல பணத்தை விட்டார். திரும்பி வந்தவருக்கு கோயமுத்தூர்ல இருந்த ஸ்டேன்ஸ் துரை கை குடுத்தார். கடனும் கைப்பணமும் சேர்த்து ஒரு பஸ் வாங்கி, 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஓட்டினார். அவரே டிரைவர். அதுதான் பின்னால யு.எம்.எஸ்.ங்கற பெரிய பஸ் கம்பெனியா வளர்ந்தது.

1937ல பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து மின்மோட்டார் செஞ்சார். இந்தியாவுல செஞ்ச முதல் மின்மோட்டார்னு அதைச் சொல்வாங்க. நம்ம கிணத்துல தண்ணி ஏத்தற மோட்டாருக்கெல்லாம் கோயமுத்தூர்தான் பேர் போன ஊர்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு அடி எங்க இருக்குன்னு பாத்தா, ஓட்டல்ல மேசை தொடைச்ச ஒரு பையன்கிட்ட போய் நிக்குது.

பையன் விட்ட பாதியில ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, அந்த மூணு வருசம். இன்னொண்ணு, அந்த வண்டி. 1912 வாக்குல வந்த ரட்ஜ் வண்டிக்கு ஒத்தை சிலிண்டர். என்ஜின்ல இருந்து பின் சக்கரத்துக்கு ஒரு பெல்ட். விலைதான் பெரிசு, உள்ளுக்குள்ள எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நாலு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் இருந்தா பிரிச்சிடலாம். தானா கத்துக்க நினைக்கிறவனுக்கு அது வாய் திறந்து பேசுற வண்டி.

அப்ப விலை உயர்ந்த காருங்க? இங்கதான் நம்ம ஊர் வரலாறு கொஞ்சம் பாக்கணும்.

எங்க பக்கம் வயசானவங்க இன்னைக்கும் காரை 'பிளசர்'னுதான் சொல்வாங்க. உல்லாசமா போறதுக்கான வண்டி, பிளஷர் கார். லாரியும் பஸ்ஸும் உழைக்கிற வண்டி, பிளசர் உக்காந்து போற வண்டி. சுதந்திரத்துக்கு முன்னாடி ஜமீன்தார், மில் முதலாளி, பெரிய வக்கீல், செட்டியார் வீடுகள்லதான் பிளசர் நிக்கும். பெரும்பாலும் அமெரிக்கக் காருங்க. ஜெனரல் மோட்டார்ஸ் 1928லயே பம்பாய்ல கார் கோக்க ஆரம்பிச்சிடுச்சு. இந்தப் பெரிய காருங்களைச் சொந்தக்காரங்க ஓட்டவே மாட்டாங்க. டிரைவர் ஒருத்தர், தொடைச்சு வெக்க கிளீனர் ஒருத்தர். கார் வாங்கும்போதே அதைப் பராமரிக்கிற ஆளும் சேர்ந்து வர்ற மாதிரிதான். ஒரு பிளசர்ங்கறது ஒரு வண்டி மட்டும் இல்லை, ரெண்டு சம்பளமும் சேர்ந்தது.

1954 வாக்குல நிலைமை மாறிச்சு. இந்தியாவுலயே பாகம் செய்யணும், வெறுமனே கோக்கக் கூடாதுன்னு அரசாங்கம் சொன்னதும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டிட்டாங்க. ஏற்கனவே வந்த பெரிய காருங்க நின்னுது, ஆனா பாகம் வர்ற வழி அடைஞ்சு போச்சு. அப்பத்தான் நம்ம ஆளுங்க கை வேலை செஞ்சுது. கெடைக்காத பாகத்தை லேத்துல கடைஞ்சு போட்டாங்க. பெட்ரோல் கட்டுப்படியாகலைன்னு டீசல் என்ஜினைத் தூக்கி உள்ள வெச்சவங்களும் உண்டு. முதலாளி வீட்டுல இருந்து வெளிய வந்த கார் வாடகைக்கு ஓடி, கடைசியில காயலான் கடைக்குப் போச்சு. ஆனா அந்தக் காரைத் தொடைச்ச கிளீனர் பையனுங்கள்ல கை வந்தவன் மெக்கானிக் ஆனான். அதனால, விலை உயர்ந்த பழைய கார்ல ஒண்ணும் கத்துக்க முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். கத்துக்கிட்டாங்க. ஆனா ஒரு பட்டறைக்குள்ள, ஒரு மூத்த மெக்கானிக் பக்கத்துல நின்னு, அடுத்தவன் காசுல கத்துக்கிட்டாங்க. தன் வீட்டுச் சேமிப்பை மொத்தமா வெச்சு இல்லை.

இன்னொரு கார் கதையும் சொல்லணும். அது எனக்குக் கொஞ்சம் சொந்தக் கதை.

மெட்ராஸ் பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ்னு ஒரு கம்பெனி இருந்துச்சு. 1961ல இருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரு செஞ்சவங்க. 1985ல 'ஸ்டாண்டர்ட் 2000'னு ஒரு பெரிய காரைக் கொண்டு வந்தாங்க. இங்கிலாந்துல ரோவர் எஸ்.டி.1னு ஓடின காரோட கூடு அது. 1977க்கு ஐரோப்பாவோட சிறந்த கார்னு பரிசு வாங்கின கார். டீக்கடையில பேப்பர்ல அந்த விளம்பரத்தைப் பாத்தப்ப எனக்கும் கிட்டத்தட்ட இந்தப் பையன் வயசுதான். மூக்கு நீளமா, முதுகு சரிஞ்சு, பாம்பு படுத்திருக்கற மாதிரி இருக்கும். விளம்பரத்தைக் கிழிச்சு வெச்சுக்கிட்டேன். ஆனா வெளிய புது உடம்பு, உள்ள 1940கள்ல வந்த வேன்கார்டு கார் காலத்து என்ஜின் வழி வந்த ரெண்டு லிட்டர் பெட்ரோல் என்ஜின். இங்கிலாந்து கார்ல எட்டு சிலிண்டர் என்ஜின் வரைக்கும் உண்டு, இங்க வந்தது பழைய நாலு சிலிண்டர். விலையைக் குடுத்தவங்க எதிர்பார்த்த வேகம் அதுல இல்லை. மூணு நாலு வருசத்துலயே கார் நின்னுது, கம்பெனியும் மூடிட்டாங்க. அதுல வேலை செஞ்சவங்க எத்தனை பேர் குடும்பம் அலைஞ்சதோ.

கூடு ஒரு காலம், என்ஜின் ஒரு காலம். பையன் காட்டின பென்ஸ் போட்டோவைப் பாத்தப்ப எனக்கு அந்தக் கிழிஞ்ச விளம்பரம்தான் ஞாபகம் வந்துச்சு. கூட்டைப் பாத்து மயங்கற வயசு அது. நானும் மயங்கினவன்தான்.

சரி, பென்ஸ்னு வந்தாச்சு. அந்தப் பேர் எப்படி வந்ததுன்னு பாக்கப் போய் ஒரு நல்ல கதை கெடைச்சுது. பையனுக்கும் சொன்னேன், அவன் கண்ணை விரிச்சுக் கேட்டான்.

ஜெர்மனியில கார்ல் பென்ஸ் 1886ல மூணு சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமம் வாங்கினார். வண்டியைச் செஞ்சார், ஆனா வாங்க ஆள் இல்லை. 1888 ஆகஸ்ட்ல அவர் சம்சாரம் பெர்த்தா, புருசன்கிட்ட சொல்லாம, மகனுங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு அந்த வண்டியில அம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க. மான்ஹெய்ம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹெய்ம், நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. பெரியவன் ஆய்கனுக்கு 15 வயசு, சின்னவன் ரிச்சர்டுக்கு 13. அதுக்கு முன்னாடி அவ்வளவு தூரம் யாரும் மோட்டார் வண்டியில போனது கிடையாது.

வழியில பெட்ரோல் பங்க் ஏது? மருந்துக்கடையில கறை எடுக்க விக்கற திரவத்தை வாங்கி ஊத்தினாங்க. எண்ணெய்க் குழாய் அடைச்சுக்கிச்சு, அந்தம்மா தொப்பியில குத்தற ஊசியை எடுத்துக் குத்தி விட்டாங்க. இறக்கத்துல பிரேக் கட்டை தேஞ்சு போச்சு, ஒரு செருப்பு தைக்கிறவரைப் பிடிச்சு தோல் வெச்சு அடிக்கச் சொன்னாங்க. மேட்டுல வண்டி ஏறவே இல்லை, பையனுங்க ரெண்டு பேரும் இறங்கித் தள்ளினாங்க. திரும்பி வந்ததும், மேடு ஏற இன்னொரு கியர் வேணும்னு சொல்லி, அதையும் வெக்க வெச்சாங்க.

எழுபது கொண்டை ஊசி வளைவுல வாழ்க்கை நடத்தற எங்களுக்கு இந்தக் கதை நல்லாவே புரியும். காரவள்ளி அடிவாரத்துல இருந்து சோளக்காடு ஏறினா என்ஜின் சூடு, இறங்கினா பிரேக் சூடு. கீழ் கியர்ல இறங்காம பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்த எத்தனையோ வண்டி, வளைவுல புகைஞ்சு நிக்கறதைப் பாத்திருக்கேன். முதல் பென்ஸ் காரோட மூச்சு வாங்கினதும் மேட்டுலதான், தேஞ்சதும் இறக்கத்துலதான். அன்னைக்கு அதைத் தள்ளினது பதின்மூணு, பதினஞ்சு வயசுப் பையனுங்க. அதனால இந்த வயசுல வண்டியில கை வெக்கக் கூடாதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனா அந்தப் பையனுங்களும் தனியா போகலை. பக்கத்துல ஒரு அம்மா இருந்தாங்க. என்ன கெட்டுப் போச்சு, அதுக்கு எது கையில இருக்குன்னு தெரிஞ்ச அம்மா.

உலகத்துலயே உசத்தியான கார்னு சொல்ற ரோல்ஸ் ராய்ஸும் ஒரு பழைய காரைப் பிரிச்சதுல பிறந்ததுதான். ஹென்றி ராய்ஸ் 1863ல பிறந்தவர். மாவு மில் நடத்தின அப்பா சின்ன வயசுலயே போயிட்டார். பேப்பர் வித்தார், தந்தி குடுக்கற பையனா ஓடினார். அத்தை ஒருத்தர் பணம் கட்டி பீட்டர்பரோ ரயில்வே பட்டறையில தொழில் கத்துக்கச் சேர்த்து விட்டாங்க. மூணு வருசத்துல அத்தைகிட்டயும் பணம் தீர்ந்து போச்சு, படிப்பு பாதியில நின்னுது. அதுக்கப்புறம் மின்சார சாமான் செய்யற பட்டறை வெச்சு உழைச்சார். நாப்பது வயசை நெருங்கினப்பத்தான் டெக்கோவில்னு ஒரு பிரெஞ்சுக் காரை பழசா வாங்கினார். சத்தமும் கோளாறுமா இருந்துச்சு. பிரிச்சார். ஒவ்வொரு பாகத்தையும் இதைவிட நல்லா செய்யலாமேன்னு பாத்தார். 1904 ஏப்ரல் 1ல அவர் சொந்தமா செஞ்ச முதல் கார் ரோட்டுல ஓடுச்சு. அதே வருசம் ரோல்ஸைச் சந்திச்சார். மத்தது உங்களுக்கே தெரியும்.

பழைய காரைப் பிரிச்சுக் கத்துக்கிட்டவர்தான் ராய்ஸும். ஆனா அதுக்கு முன்னாடி அவர் கையில இருபது வருசத்துக்கு மேல பட்டறை வேலை இருந்துச்சு.

இதெல்லாம் தெரிஞ்சப்புறம் பையனைக் கூட்டிக்கிட்டு காரைப் பாக்கப் போனேன். வேண்டாம்னு வாயில சொல்றது சுலபம். பாக்காம சொன்னா அவன் மனசுல அந்தக் கார் கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கும். மச்சானோட சினேகிதர் ஒருத்தர் நாமக்கல்ல லாரிப் பட்டறை வெச்சிருக்கார். அவரையும் கூப்பிட்டுக்கிட்டோம்.

நாமக்கல்னா நாடு முழுக்கத் தெரியும், லாரிக்கு பாடி கட்டற ஊர். பக்கத்துல திருச்செங்கோடு, போர்வெல் போடற ரிக் வண்டிக்குப் பேர் போனது. ரெண்டுமே வானம் பாத்த பூமி. விவசாயம் ஏமாத்தினப்ப சனங்க வண்டியைப் பிடிச்சாங்க. கிளீனரா ஏறினவன் டிரைவர் ஆகி, டிரைவர் லாரிக்கு முதலாளி ஆன கதை ஊருக்கு நூறு இருக்கு. உழைக்கிற வண்டிதான் அந்த ஊருக்குப் பள்ளிக்கூடம்.

ஷெட்டுல கார் நின்னுது. தூசியைத் தட்டிப் பாத்தா, உண்மையைச் சொல்றேன், எனக்கே ஆசையா இருந்துச்சு. கதவைச் சாத்தினா 'டப்'புனு ஒரு சத்தம், பெட்டகம் மூடற மாதிரி. டெல்கோவோட சேர்ந்து பூனாவுல 1995ல இருந்து வந்த வகை. உள்ள தோல் சீட்டு மட்டும் வெடிச்சிருந்துச்சு.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். வயரிங்ல பாதியை எலி தின்னிருந்துச்சு. பல வருசம் ஓடாம நின்னதுல பெட்ரோல் டேங்க்குல துரு, ரப்பர் எல்லாம் கல்லாகிப் போயிருந்துச்சு. அப்புறம் ஆர்.சி. புக்கைக் கேட்டார். பேர்ல இருந்தவர் இறந்துட்டார், வாரிசுங்க யாரும் பேர் மாத்தலை. பதினஞ்சு வருசக் கணக்கு 2011லயே முடிஞ்சிருச்சு, புதுப்பிக்கவும் இல்லை. பதினஞ்சு வருசம் தாண்டின காரைப் புதுப்பிக்கற கட்டணத்தையே 2022 ஏப்ரல்ல 5,000 ரூபாய் ஆக்கினாங்க. அதுக்கும் முன்னாடி கார் ஓடி, சோதனையில பாஸாகணும். ஐம்பது வருசம் ஆன காருக்குத்தான் 'விண்டேஜ்'னு தனி வழி. இது அதுலயும் சேராது. இளசும் இல்லை, பழம்பொருளும் இல்லை, நடுவுல நிக்கற கார்.

அவர் பையனைத் திட்டலை. மூணு கேள்வி கேட்டார்.

"தம்பி, இதை எங்க வெச்சுப் பிரிப்ப?"

"மாமா வீட்டு மாட்டுக் கொட்டாயில."

"பாகம் வேணும்னா யாரைக் கேப்ப?"

"ஆன்லைன்ல பாப்பேன்."

"உன்கிட்ட என்ன டூல்ஸ் இருக்கு?"

பையன் கொஞ்ச நேரம் பேசலை. "ரெண்டு ஸ்பேனர், ஒரு கட்டிங் பிளேயர்."

யாரும் சிரிக்கலை. நான் இன்னொண்ணைச் சேர்த்துச் சொன்னேன். பதினெட்டு ஆகாம நீ ரோட்டுல ஓட்டினா, 2019ல வந்த சட்டத்துல 25,000 ரூபாய் அபராதம் உனக்கு இல்லை, பெத்தவங்களுக்கு. ஜெயில் கூட உண்டு. உங்கப்பன் லைசென்ஸ்லதான் உங்க வீட்டுச் சோறு இருக்கு.

ஆனா அப்ப ஒண்ணு நடந்துச்சு. மெக்கானிக் ஒரு குழாயைக் காட்டி ஏதோ சொல்ல, பையன் "அண்ணா, அது அது இல்லீங்க, பவர் ஸ்டியரிங் ஆயில் போறது"ன்னான். அவர் குனிஞ்சு பாத்துட்டு, "ஆமா"ன்னார். இன்னும் நாலஞ்சு இடத்தைக் காட்டிக் கேட்டார். இவன் பெரும்பாலும் சரியாச் சொன்னான். படத்துல பாத்துப் பாத்தே மனப்பாடம் பண்ணியிருக்கான். திரும்பி வரும்போது அவர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "கார் வேண்டாம்ங்க. ஆனா பையனை லீவுல என்கிட்ட விடுங்க. சம்பளம் இல்லை, சாப்பாடு போடறேன்"னார்.

இப்ப என் கதையைச் சொல்லிடறேன். 1987ல பத்தாவது முடிச்சுட்டு நின்ன எனக்கும் நாமக்கல்ல ஒரு பாடி பில்டிங் பட்டறையில இடம் கெடைச்சுது. எங்கப்பா விடலை. "நிலத்தை யார் பாக்கறது?"ன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். சாமையும் மரவள்ளியும் போட்டு வாழ்ந்த காலம், ஒரு ஆள் கை குறைஞ்சா அந்த வருசம் சோறு குறையும். நான் எதிர்த்துப் பேசலை. மிளகும் காப்பியும் வெச்சு, மோசமில்லாம இருக்கேன். ஆனா மலை இறங்கும்போது வெல்டிங் வெளிச்சம் கண்ணுல பட்டா இன்னைக்கும் ஒரு நிமிசம் திரும்பிப் பாப்பேன். பையன் வந்து கார் கேட்டப்ப எனக்குப் பயம் பணத்தை நெனைச்சு மட்டும் இல்லை. எங்கப்பா சொன்ன அதே வார்த்தை என் வாயில இருந்து வந்துடுமோன்னுதான்.

தங்கச்சிகிட்ட பேசினது அவ்வளவு சுலபமா போகலை. "கருப்பு கையோட நிக்கறதுக்கா நான் மிளகு பொறுக்கினேன்?"னு கேட்டுது. ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. நாயுடு கதையில இருந்து ஒண்ணைச் சொன்னேன். அவர் படிப்பே வேண்டாம்னு சொன்னவர் இல்லை. 1945ல கோயமுத்தூர்ல ஆர்தர் ஹோப் பேர்ல தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமா இருந்து, அதை நடத்தினவரும் அவர்தான். கையில செய்யாம வருசக் கணக்கா உக்காந்து படிக்கறது வீண்னு சண்டை போட்டு, அதை விட்டு வெளிய வந்தார். அதுதான் இன்னைக்கு கோவையில இருக்கற அரசு தொழில்நுட்பக் கல்லூரி. படிப்பும் வேணும், கையும் கருப்பாகணும். அதுதான் அவர் சொன்னது.

கடைசியில ஒரு முடிவு பண்ணினோம். மிளகுப் பணம் பேங்க்குலயே இருக்கும், பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் படிப்புக்கு. லீவு முழுக்கப் பட்டறை. காலேஜ் ஆரம்பிச்சப்புறம் சனி, ஞாயிறு பட்டறை. கார் வாங்கணும்னா அவனே சம்பாதிச்சு வாங்கட்டும். மச்சான் போன்ல எல்லாத்தையும் கேட்டுட்டு, "டூல்ஸ் பெட்டி நான் வாங்கித் தர்றேன்"னு மட்டும் சொன்னார்.

டவுன்ல இருக்கற உங்க வீட்டுப் பசங்களும் பழைய பெரிய காரைக் காட்டிக் கேக்கலாம். இப்பெல்லாம் கேக்கறாங்கன்னு சொல்றாங்க. விலை சல்லிசா இருக்கறதுக்குக் காரணம், வாங்கறது சல்லிசு, வெச்சிருக்கறது சல்லிசு இல்லைங்கறதுதான். கார் பழசானாலும் அதோட பாகத்து விலை பழசாகாது. ஆனா வேண்டாம்னு கதவைச் சாத்திடாதீங்க. கூடப் போய்ப் பாருங்க. ஆர்.சி.யைக் கேளுங்க. தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டுப் போங்க. முக்கியமா, அவர் கேள்வி கேக்கும்போது பையனோ பொண்ணோ என்ன பதில் சொல்லுதுன்னு கவனிங்க. கார்ல இருக்கற கோளாறைவிட அதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வந்தான். நகத்துக்குள்ள கிரீஸ். அம்மா சீயக்காய் போட்டுத் தேய்ச்சும் போகலை. கொட்டாய்ல ரெண்டு வருசமா கெடந்த என் களை எடுக்கற மிஷினைச் சாக்கு விரிச்சுப் பிரிச்சான். கழட்டற வரிசையிலயே ஒவ்வொண்ணா அடுக்கி வெச்சான். யாரும் மிதிச்சிடக் கூடாதுன்னு தங்கச்சி கோழியை விரட்டிக்கிட்டு பக்கத்துலயே நின்னுது. மாட்டி முடிச்சு இழுத்தான், ஸ்டார்ட் ஆகலை. மறுபடி பிரிச்சான். இருட்டிப் போச்சு. மறுநாள் காலையில நான் காப்பி குடிக்கும்போது கொட்டாய்ல இருந்து சத்தம் கேட்டுது. ரொம்ப நேரம் ஓடலை, ரெண்டு நிமிசம் ஓடி நின்னுது. எதனாலன்னு தெரியும்னு சொல்றான், அடுத்த வாரம் வந்து பாக்கறானாம்.

அந்த பென்ஸ் இன்னும் அதே ஷெட்டுலதான் நிக்குது. பஸ்ல போகும்போது ஜன்னல் பக்கம் உக்காந்து பாத்துக்கிட்டே போறானாம். பாக்கட்டும்ங்க. பாக்கறதுக்குக் காசு இல்லை.